சைனஸ் தொற்று: கிருமியைத் தேடும் முன் அடைப்பைத் தேடுங்கள்

கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே கூரையை ஒட்டி இருக்கிறது. குளியலறையில் தண்ணீர் வெளியேற வேண்டிய துளையைத் தரையில் வைக்காமல் சுவரின் உச்சியில் வைத்ததைப் போன்ற அமைப்பு அது. நிற்கும்போதும் உட்காரும்போதும் உள்ளே ஊறும் சளி தானாக வழிந்து வெளியேற முடியாது. அறையின் உட்சுவர் முழுக்க இருக்கும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள்தான் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டுபோய் அந்தச் சின்னத் துளை வழியாக மூக்குக்குள் சேர்க்கின்றன. இந்த ஏற்பாடு பிசகாமல் நடக்கும்வரை சைனஸில் பெரும்பாலும் தொற்று வராது. பிசகினால் எந்தக் கிருமியும் உள்ளே குடியேறலாம். சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். என்ன கிருமி, என்ன மாத்திரை என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

இப்படி நான்கு ஜோடி அறைகள் இருக்கின்றன: கன்னத்தில் ஒன்று, புருவத்துக்கு மேல் நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் இடையில் சிறுசிறு அறைகளின் தொகுதி ஒன்று, மண்டையின் நடுவில் ஆழத்தில் ஒன்று. பெரியவர்களின் கன்ன சைனஸ் சுமார் 15 மி.லி. கொள்ளும். அவ்வளவு பெரிய அறைக்கு வாசல் சில மில்லிமீட்டர்தான். போதாததற்கு, கன்ன சைனஸ், நெற்றி சைனஸ், கண்ணிடை அறைகளின் முன்பகுதி மூன்றும் மூக்கின் பக்கச்சுவரில் நடு மடிப்புக்குக் கீழே உள்ள ஒரே இடுக்கில்தான் வந்து சேர்கின்றன. அந்த இடத்தில் ஜவ்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வீங்கினாலே மூன்றுக்கும் வழி அடைபட்டுவிடும். கன்னம், நெற்றி, கண்ணோரம் எல்லாம் ஒரே நேரத்தில் கனப்பது இதனால்தான்.

வாசல் மூடியதும் உள்ளே சிக்கிய காற்றிலிருக்கும் ஆக்சிஜனை ரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்து, சுவரிலிருந்து நீர் கசிகிறது. ஆக்சிஜன் குறைந்ததால் மயிரிழைகளின் அசைவு மந்தமாகிறது, சளி கெட்டியாகிறது. மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த பாக்டீரியா அந்தத் தேங்கலில் பெருகுகிறது. கிருமி கடைசியாக வருகிற விருந்தாளி என்பதை மறக்க வேண்டாம்.

அடைப்பை உண்டாக்கும் காரணங்களில் முதலிடம் சாதாரண ஜலதோஷத்துக்குத்தான். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஜலதோஷம் பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 27 பேருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் தெரிந்தது. அவர்களில் 14 பேருக்கு ஆன்டிபயாடிக் எதுவும் தராமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது, 11 பேருக்கு அது சரியாகியிருந்தது அல்லது வெகுவாகத் தேறியிருந்தது. ஜலதோஷம் என்றாலே சைனஸும் சேர்ந்து வீங்கும், பெரும்பாலும் தானாகவே வடியும் என்பதே இதற்குப் பொருள். பெரியவர்களுக்கு வரும் நூறு வைரஸ் ஜலதோஷங்களில் ஒன்றிரண்டுதான் பாக்டீரியா தொற்றாக மாறுகின்றன.

அந்த ஒன்றிரண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சளியின் நிறத்தை வைத்து முடியாது. பச்சையாக வந்தால் கிருமி முற்றிவிட்டது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பச்சை, எதிர்த்துப் போராட வந்த நம் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நான்காம் நாளில் சளி மஞ்சளாகி, பச்சையாகி, பிறகு தெளியும். பார்க்க வேண்டியது நாட்கணக்கை. பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். ஐந்தாறு நாளில் தேறி வந்து, திடீரென மறுபடி காய்ச்சலும் முகவலியும் சளியும் கூடினால் அதுவும் பாக்டீரியாவின் அடையாளம். மூன்றாவது, ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாவிட்டால் ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை, வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

மெடிக்கலில் "மூக்கடைப்பு, தலைவலி" என்று சொன்னதும் மடித்துத் தரும் செட் மாத்திரையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு செட்ரிசின், ஒரு பாராசிட்டமால் இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், என்னவென்று தெரியாமலே சர்க்கரை நோயாளிகள் அதை விழுங்குகிறார்கள். பலரும் கேட்டு வாங்கும் மூன்று நாள் அசித்ரோமைசினை, சைனஸ் தொற்றுக்கு முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. சைனஸில் அதிகம் காணப்படும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவில் கணிசமானவை அதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதே காரணம். உண்மையிலேயே தேவைப்படும்போது மருத்துவர்கள் தருவது அமாக்சிசிலின், அல்லது கிளாவுலனிக் அமிலத்துடன் சேர்ந்த அமாக்சிசிலின். சிக்கல் இல்லாத பெரியவர்களுக்கு 5 முதல் 7 நாள் பொதுவாகப் போதும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், டாக்சிசைக்ளின் போன்ற மாற்று உண்டு.

இன்னொரு தவறான கணக்கு, நெற்றி வலித்தால் சைனஸ் என்பது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பி வந்த 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வடியும், கன்னம் கனக்கும். முகத்து நரம்புகளின் அனிச்சைச் செயல் அது. வலியோடு வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா, குமட்டுகிறதா, சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் முழுசாக விட்டுப்போய், மறுபடி வருகிறதா, கெட்டிச் சளியே இல்லையா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமென்றால் மைக்ரேனுக்குப் பாருங்கள். மூக்கடைப்பும் சளியும் இல்லாமல் வலி மட்டும் இருந்தால் அதை சைனஸ் தொற்று என்று எழுதுவதே சரியில்லை. வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் தின்று தீர்த்த பிறகு, ஒரு மைக்ரேன் மாத்திரையில் நிம்மதி அடைகிறவர்கள் எத்தனையோ பேர்.

தலைக்குக் குளித்தால் நீர் கோர்த்துக்கொள்ளும் என்பதையும் ஒரு வரியில் தீர்த்துவிடலாம். தலையில் ஊற்றும் நீர் எலும்பைத் தாண்டி சைனஸுக்குள் இறங்க வழியில்லை. அங்கே சேர்வது உள்ஜவ்வு சுரக்கும் சளி மட்டுமே.

இனி, சைனஸ் தொந்தரவு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறவர்களுக்கும். இவர்களிடம் "என்ன கிருமி" என்று கேட்பதைவிட "வாசலை எது மூடுகிறது" என்று கேட்பது பலன் தரும்.

அடிக்கடி அகப்படும் பதில் ஒவ்வாமை. படுக்கையிலும் தலையணையிலும் வாழும் தூசுப்பூச்சி, பூஞ்சை, கரப்பான் துகள்கள். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு இருந்தால் இந்தப் பக்கம் தேடுங்கள். செட்ரிசின் போன்ற மாத்திரை வேலை செய்வது இவர்களுக்குத்தான். ஒவ்வாமை இல்லாதவர் அதைப் போட்டால் தூக்கம் வரும், அடைப்பு அப்படியே இருக்கும். புகையும் ஒரு காரணம். சிகரெட், கொசுவத்திச் சுருள், மூடிய அறையில் சாம்பிராணி எல்லாமே மயிரிழைகளை மந்தமாக்கும். மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்பது பாட்டி காலத்து வைத்தியம்தான், ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் ஜவ்வுக்கு அது இன்னொரு எரிச்சல். விட்டுவிடுங்கள்.

மூக்குத் தண்டு வளைந்திருப்பதைப் பலரும் முதல் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள். லேசான வளைவு பெரும்பாலோருக்கு இருக்கிறது. வளைவு அந்தக் குறுகிய இடுக்கை நேரடியாக நெருக்கினால்தான் அது காரணம்.

பெரும்பாலும் தவறவிடப்படும் காரணம் பல். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்கும் கன்ன சைனஸின் தரைக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. சிலருக்கு வேர்நுனி சைனஸ் ஜவ்வையே தொட்டுக்கொண்டிருக்கும். வேரடியில் சீழ் கோர்த்தால் அது நேரே மேலே ஏறும். ஒரு பக்கம் மட்டும் சளி, அந்தச் சளியில் தாங்க முடியாத துர்நாற்றம், வாயில் கெட்ட சுவை: இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் பல்லைப் பாருங்கள். பல் வலிக்கவே இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். நரம்பு செத்த பல் வலிக்காது, பழைய ரூட் கேனல் செய்த பல்லும் வலிக்காமலே உள்ளே அழுகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது, பற்களுக்கான சி.டி.யில் தெரியும். ஆன்டிபயாடிக் போட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், நிறுத்தினால் திரும்பிவிடும், பல்லைச் சரிசெய்யும்வரை இது ஓயாது. மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் சைனஸுக்கும் வாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது. உடனே பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பாலிப் என்பது ஜவ்வு நீர்கோர்த்து, வெளிறிய சதைக்கொத்தாகத் தொங்குவது. வலிக்காது. மணம் தெரியாமல் போவதுதான் இதன் பெரிய அடையாளம், குழம்பு கருகினாலும் தெரியாது. பாலிப்போடு ஆஸ்துமாவும் இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கடும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். பாலிப், ஆஸ்துமா, வலி மாத்திரை மூன்றின் கூட்டு தெரியாமல் மூட்டுவலிக்கு மாத்திரை போட்டு ஐ.சி.யூ. வரை போனவர்கள் உண்டு. பாலிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் எந்த வலி மாத்திரைக்கு முன்னாலும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பூஞ்சையில் வகை வேறு, ஆபத்து வேறு. ஒரே ஒரு சைனஸுக்குள் உருண்டையாகத் திரளும் பூஞ்சை ஆபத்தில்லாதது. அறுவையில் எடுத்துவிட்டால் போதும், பூஞ்சை மருந்து வேண்டாம். வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் இளவயதினருக்கு வரும் ஒவ்வாமைப் பூஞ்சை வகையில், பசை போன்ற பழுப்புச் சளியும் பாலிப்பும் சைனஸை நிரப்பும். மூன்றாவது வகைதான் உயிரைக் குடிப்பது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற பெயரில் நாடே அறிந்த மியூகர். கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது புகுந்தது. ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்து அடைப்பதால் திசு செத்துக் கருக்கிறது. அலை ஓய்ந்தாலும் அந்த நோய் போய்விடவில்லை. சர்க்கரை அதிகமுள்ளவருக்கு முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போதல், கண் வீக்கம், மேலண்ணத்தில் கருப்புத் திட்டு, பல் ஆட்டம் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே, காது மூக்கு தொண்டைப் பிரிவும் கண் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை, ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

யாராக இருந்தாலும் இதே அவசரம் தேவைப்படும் அறிகுறிகள் சில உண்டு. கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவத்தல், விழியை அசைக்க வலி, இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல். நெற்றியில் மெத்தென்ற வீக்கம். கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, குழப்பமான பேச்சு. சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது காகித கனத்துக்கு எலும்பு, குழந்தைகளுக்குத் தொற்று அதையும் சீக்கிரம் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு ஒரே பக்கம் அடைப்பும் அவ்வப்போது ரத்தமும் வந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ள, மூக்குக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும்.

குழந்தைகளுக்கு நெற்றி சைனஸ் பிறக்கும்போது இல்லை, ஆறேழு வயதுக்குப் பிறகுதான் ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் நெற்றிவலிக்கு அதைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அடிக்கடி தொற்று வரக் காரணம் பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால் பெருத்த அடினாய்டு என்ற சதை: வாயைத் திறந்தபடி தூக்கம், குறட்டை. சின்னக் குழந்தைக்கு ஒரே துளையில் நாற்றமடிக்கும் சளி வந்தால் பட்டாணி, பாசிமணி எதையாவது உள்ளே திணித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்தில் மூக்குத் தண்டைப் பொசுக்கிவிடும். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் அதிகம் பலன் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. செய்முறை சரியாக இருக்க வேண்டும், அதனால் விரிவாகச் சொல்கிறோம். தண்ணீரைக் கொதிநிலைக்கு வந்த பிறகு ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் மூன்று நிமிடம். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றிக் கழுவிய இருவர் நெக்லேரியா அமீபாவால் இறந்தார்கள். கேரளத்தில் 2024-ல் நீர்நிலைகளில் குளித்த சிறுவர்கள் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்ததும் நினைவிருக்கலாம். நெக்லேரியா உள்ள நீரைக் குடித்தால் நோய் வராது, மூக்கில் ஏறினால்தான் மூளைக்குப் போகும்.

ஆறி வெதுவெதுப்பானதும் 250 மி.லி. நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. எடை போட முடிந்தால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அயோடின் கலக்காத உப்பு எரிச்சல் தராது. கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் பாட்டிலோடு விற்கும் பொட்டலங்களை வாங்கிக்கொள்ளலாம். எரிகிறது என்று பயந்து உப்பைக் குறைத்தால் இன்னும் எரியும், ஏனென்றால் உப்புக் குறைந்த நீர்தான் ஜவ்வை உறுத்துவது. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டபடி மேல்பக்கத் துளையில் மூக்கு கழுவும் பாட்டிலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பாதி பாட்டில் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். காது அடைத்தால் அழுத்தத்தைக் குறையுங்கள். முடிந்ததும் நன்றாகக் குனிந்து தலையை இருபுறமும் திருப்பினால் தங்கிய நீர் வடியும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, திறந்தபடி காய வையுங்கள். மூக்கு முழுசாக அடைத்து நீர் மறுபக்கம் வரவே இல்லையென்றால் பலமாக அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

சிந்தும்போதும் நிதானம் வேண்டும். இரண்டு துளைகளையும் பொத்திப் பலமாகச் சிந்தினால் மூக்கிலுள்ள சளி சைனஸுக்குள்ளேயே தள்ளப்படும். ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக.

ஆவி பிடிப்பது இதம் தரும், நொச்சி போட்டாலும் போடாவிட்டாலும். நோய்க்காலத்தைக் குறைக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நிறைய நடப்பதால் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

மூக்கடைப்புச் சொட்டுமருந்துகள், அதாவது ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் உள்ளவை, போட்ட ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும். அந்தச் சுகம்தான் ஆபத்து. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் ஜவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும், மறுபடி போட வேண்டிவரும். மாதக்கணக்கில் இதில் சிக்கியவர்கள் முதலில் ஒரு பக்கத் துளைக்கு மட்டும் நிறுத்தி, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயின் துணையோடு அது திறந்த பிறகு அடுத்த பக்கத்தை நிறுத்தினால் வெளியே வரலாம்.

நாள்பட்ட சைனஸுக்கு அடித்தளம் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. உடனே தெரியாது. தினமும் விடாமல் போட்டால் இரண்டு வாரத்தில் தெரியத் தொடங்கும். இரண்டு நாள் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துவது பரவலான தவறு. மூக்கைக் கழுவி கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, இடது துளைக்கு வலது கையாலும் வலது துளைக்கு இடது கையாலும் பிடித்து, அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி அடியுங்கள். நடுத்தண்டின் மேல் பட்டால் ரத்தம் கசியும். வேகமாக உறிஞ்ச வேண்டாம், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

சி.டி. ஸ்கேன் எடுப்பதென்றால் இவ்வளவும் ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகு எடுப்பதுதான் உதவும். ஜலதோஷத்தின் நடுவே எடுத்தால் பெரும்பாலோருக்கு மாற்றம் தெரியும் என்பதை மேலே பார்த்தோம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட "ஜவ்வு தடித்திருக்கிறது" என்று ரிப்போர்ட்டில் வரலாம். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

அறுவை சிகிச்சையின் வரலாறும் வாசலின் கதைதான். 1890-களில் கால்டுவெல், லூக் இருவரும் தனித்தனியே வகுத்த முறையில், மேலுதட்டுக்கு அடியில் ஈறு வழியாகக் கன்ன சைனஸைத் திறந்து, உள்ஜவ்வைச் சுரண்டி, வடிவதற்கு வசதியாகக் கீழ்ப்பகுதியில் புதுத் துளை போட்டார்கள். பலருக்கு நோய் திரும்பியது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப்பால் பார்த்தபோது காரணம் விளங்கியது. கீழே எவ்வளவு பெரிய துளை இருந்தாலும் மயிரிழைகள் சளியை அதைத் தாண்டி மேலே உள்ள இயற்கையான வாசலுக்கே கொண்டுபோகின்றன. அதன்பின் ஜவ்வைச் சுரண்டாமல் இயற்கை வாசலையும் அந்த இடுக்கையும் மட்டும் விரிக்கும் எண்டோஸ்கோப்பி அறுவை வந்தது. 1980-களிலிருந்து உலகம் முழுக்கச் செய்யப்படுவது இதுதான்.

அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்புநீர்க் கழுவலை மருத்துவர் சொன்ன நாளிலிருந்து தொடங்கி, பொருக்கு எடுக்க அவர் கூப்பிடும் தேதிகளில் தவறாமல் போக வேண்டும். அந்தப் பொருக்கு அப்படியே விடப்பட்டால் திறந்த வாசல் தழும்பால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாலிப் இருந்தவர்கள் ஸ்ப்ரேயை நிறுத்தவே கூடாது. அறுவை வழியைத் திறந்து மருந்து உள்ளே போய்ச் சேரும்படி செய்கிறது, ஜவ்வு மறுபடி வீங்காமல் பார்த்துக்கொள்வது தினமும் போடும் அந்த ஸ்ப்ரேதான்.